கார்புரேட்டர் மேல் விழும் பழி

2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையேறியது. பத்து வருடம் முன்பு, 2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து மோதியது. நடுவில் 2016-இல் வர்தா, பிறகு 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைப் புயல்கள் நிம்மதியாக விட்டதில்லை. மின்கம்பம் சாய்ந்த மறுநாள் காலையில் கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும், உள்ளே செங்கல்பட்டு வரைக்கும், பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடந்த சின்ன ஜெனரேட்டர்கள் வெளியே வரும். கயிற்றை இழுப்பார்கள், மறுபடியும் இழுப்பார்கள். தோள்பட்டை விட்டுப்போன பிறகு யாராவது தீர்ப்புச் சொல்வார்: “கார்பேட்டர் போயிடுச்சு.”

அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. பெட்ரோல் இன்ஜினில் கோளாறு வெளியே தெரியும் இடம் பெரும்பாலும் கார்புரேட்டர்தான். கோளாறு பிறக்கும் இடம் வேறு. டேங்கில் பிடித்த துரு, மூடி வழியாக இறங்கிய மழைநீர், ஆறு மாதம் நின்று பிசினாகிப் போன பெட்ரோல், உப்புக் காற்றில் இறுகிய கம்பி எல்லாம் கடைசியில் வந்து சேர்வது அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பித்தளைத் துளையில். அடைபட்டது எது, அடைத்தது எது என்று பிரித்துப் பார்க்காமல் செய்யும் ரிப்பேர் அடுத்த மழைக்குத் தாங்காது. இது என் கட்சி. வேறு கட்சிகளும் உண்டு. கழற்றிக் கழுவினால் போதும் என்பது மெக்கானிக்குகளின் கட்சி. சில நூறு ரூபாய்க்குப் புதுசே வருகிறது, பழசைத் தூக்கிப் போடு என்பது ஆன்லைனில் வாங்குகிறவர்களின் கட்சி. எல்லாம் எத்தனால் கலந்ததால் வந்த வினை என்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ஒழுங்காக மூடி வைத்திருந்தால் இந்தப் பேச்சே எழாது என்பது கம்பெனி கையேட்டின் கட்சி. ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது, ஆனால் சம அளவில் இல்லை.

முதலில் இந்த யந்திரங்கள் இத்தனை வீட்டில் எப்படி வந்து சேர்ந்தன என்பதைப் பார்த்துவிடலாம். 1980-களின் பிற்பாதியில் ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா என்ற பெயர்களில் கைப்பிடி வைத்த ஜென்செட்டுகள் சந்தைக்கு வந்தன. சவுண்ட் சர்வீஸ்காரர்கள், போட்டோ ஸ்டூடியோக்கள், கல்யாண வாடகைக் கடைகள் முதலில் வாங்கினார்கள். 2008-க்குப் பிறகு மின்வெட்டு கடுமையானது. 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். அப்போது மளிகைக் கடை, மருந்துக் கடை, கடற்கரைச் சாப்பாட்டுக் கடை என்று எல்லோரும் வாங்கினார்கள். பக்கத்திலேயே கல்பாக்கம் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அங்கே 1984 முதல் அணு மின்சாரம் உற்பத்தியாகிறது, உண்மைதான். அது மின்தொகுப்புக்குப் போகிறது. சதுரங்கப்பட்டினத்தில் கம்பி அறுந்து விழுந்த ராத்திரிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

பிறகு மின்வெட்டு குறைந்தது, பேட்டரி இன்வெர்ட்டர் வந்தது. தினமும் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர், வருடத்தில் ஒரு வாரம் ஓடுகிற சாமானாக மாறியது. மாசி மகத்தன்று இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடும்போது முளைக்கும் கடைகளுக்கும், ஆடித் திருவிழாவுக்கும் வாடகைக்குப் போகிறவை இன்றும் நன்றாகத்தான் ஓடுகின்றன. வீட்டில் பத்திரமாக வைக்கப்பட்டவைதான் பழுதாகின்றன. இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதி விடை இருக்கிறது.

கார்புரேட்டர் செய்கிற வேலை எளிது. வழி குறுகும் இடத்தில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். இத்தாலிக்காரர் வெஞ்சுரி 1797-இல் எழுதிவைத்த சங்கதி இது. 1893-இல் மேபாக் அதை வைத்துப் பெட்ரோலைத் துளியாகத் தெளிக்கும் கார்புரேட்டரைச் செய்தார். பழைய வீடுகளில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்த கைப்பம்பை நினைத்துக்கொண்டால் போதும், தத்துவம் அதுவேதான். கீழே ஒரு கிண்ணம், அதில் மிதக்கும் ப்ளோட், கிண்ணம் நிரம்பியதும் வரவை அடைக்கும் நீடில், அடியில் மெயின் ஜெட், சும்மா ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் சின்ன பைலட் ஜெட், குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக். வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் உள்ள வித்தியாசம் ஆக்சிலேட்டரில்தான். இங்கே அதைப் பிடிப்பது மனிதர் கையல்ல, கவர்னர். நிமிடத்துக்கு 3000 சுற்று, அதனால் 50 ஹெர்ட்ஸ். அந்த வேகம் தளராமல் பார்த்துக்கொள்வது கவர்னரின் ஒரே வேலை. இதை மறந்து பைக் கார்புரேட்டரைத் திருகுகிற மாதிரியே திருகுகிறவர்கள்தான் ஜெனரேட்டரைக் கெடுக்கிறார்கள்.

ஸ்பேனரை எடுக்குமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆயில் அளவைப் பாருங்கள். பல மாடல்களில் ஆயில் குறைந்தால் தீப்பொறியை நிறுத்திவிடும் சென்சார் இருக்கிறது. சாய்வான மணலில் வைத்துவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டரைப் பிரித்த கதைகள் கடற்கரையில் ஏராளம். அடுத்து பிளக். கழற்றிப் பார்த்தால், இத்தனை இழுப்புக்குப் பிறகும் காய்ந்தே இருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருக்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பொறியையோ கெட்டுப்போன பெட்ரோலையோ சந்தேகப்பட வேண்டும். பிளக் துளையில் சில சொட்டு நல்ல பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுத்தால் இன்ஜின் இரண்டு விநாடி பிடித்து அணைகிறதா? பொறியும் கம்ப்ரஷனும் நல்லபடி இருக்கின்றன, தேட வேண்டியது பெட்ரோல் வரும் வழியை. இவ்வளவு தெரிந்துகொள்ள ஒரு பிளக் ஸ்பேனர் போதும்.

பத்து நிமிடம் அருமையாக ஓடி, தானே நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும் ஜெனரேட்டருக்கு டேங்க் மூடிதான் முதல் சந்தேக நபர். மூடியில் காற்று நுழைய ஒரு பொடித் துளை இருக்கும். அது உப்பும் தூசியும் படிந்து அடைந்தால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் விஷயம் முடிந்தது. அப்போதும் நின்றால் சூடேறினதும் செத்துப்போகும் இக்னிஷன் காயிலைப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகாணி இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரைக் கீழே பிடித்து அதைத் தளர்த்த வேண்டும். கிண்ணத்தில் இருந்ததெல்லாம் கசடோடு இறங்கும். பெட்ரோல் காக் திறந்தே இருக்க, அதற்கப்புறமும் ஒழுக்கு அறாமல் வந்தால் டேங்கிலிருந்து வழி சுத்தம். ஒழுகி, சொட்டி, நின்றுவிட்டால் காக்கின் வலை, டியூப், மூடித் துளை, நீடில் என்று மேலேயிருந்து தேட வேண்டும். டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியில் தனியாக உருளும் குமிழ் தண்ணீர். செம்பொடி என்றால் டேங்க் துரு. பச்சை படிந்திருந்தால் பித்தளை அரிக்கிறது. வெள்ளை மாவு கிண்ணத்தின் உலோகமே கரைவதற்கு அடையாளம். பழைய வார்னிஷ் வாசனையோடு மஞ்சள் கறுத்திருந்தால் பெட்ரோல் செத்து வெகுநாளாயிற்று. வியாதியின் பெயர் மட்டுமல்ல, அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் அந்த டம்ளரில் இருக்கும். பெரும்பாலான கடைகளில் இதைச் செய்வதில்லை. கார்புரேட்டரை நேராகக் கழற்றித் தட்டில் கொட்டிவிடுவதால் சாட்சி அழிந்துபோகிறது.

இனி, ஓடியும் சரியாக ஓடாதவை. சோக் போட்டால் மட்டும் உயிரோடு இருக்கும், எடுத்தால் அணையும் என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. கறுப்புப் புகை கக்கினால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுதாகத் திறக்கவில்லை, ஏர் பில்டர் அடைந்திருக்கிறது, அல்லது ஜெட் பெருத்துவிட்டது. நீலப்புகை ஆயில் எரிவதால் வருவது, கார்புரேட்டருக்கு அதில் பங்கில்லை. சும்மா ஓடுகிறது, சிற்பக்கூடத்துக் கட்டர் மெஷினைத் தட்டினதும் அமுங்கி நிற்கிறது என்றால் பைலட் ஜெட் நலம், மெயின் ஜெட்டுக்குத்தான் சிகிச்சை வேண்டும். சைலன்சர் வாயில் கரி அடைத்திருந்தாலும் இதே மாதிரி நடக்கும். பெட்ரோல் வழிந்து கொட்டினால் நீடில் இருக்கையில் துகள் மாட்டியிருக்கலாம், ப்ளோட் ஓட்டையாகி முழுகியிருக்கலாம். ஸ்குரூடிரைவர் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டினால் துகள் விலகி ஒழுக்கு நிற்பதுண்டு. நின்றது என்று அப்படியே விட்டுவிடக்கூடாது. ராத்திரி முழுக்க வழிந்த பெட்ரோல் உள்ளே ஆயிலில் கலந்திருந்தால் அளவு ஏறியிருக்கும், முகர்ந்தால் தெரியும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பிஸ்டன் தேயும்.

எல்லோரையும் குழப்புவது ஏற்ற இறக்கம். ஓட்டம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், கூடவே பல்பும் மங்கிப் பிரகாசிக்கும். கவர்னர் கெட்டுவிட்டது என்று அதன் ஸ்பிரிங்கைப் பிடித்து இழுப்பதுதான் வழக்கம். நடப்பது வேறு. பைலட் ஜெட்டோ, மெயின் ஜெட்டுக்கு மேலே உள்ள குழாயின் பொடித் துளைகளோ பாதி அடைந்து பெட்ரோல் குறைகிறது, வேகம் தளர்கிறது. கவர்னர் கடமை தவறாமல் காற்று வழியைத் திறக்கிறது. திறந்ததும் பெட்ரோல் வந்து வேகம் எகிறுகிறது, உடனே கவர்னர் மூடுகிறது. மூடினதும் பழையபடி பட்டினி. சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள். ஓட்டம் நிதானப்பட்டால் கவர்னர் நிரபராதி. அப்புறம் கேள்வி இரண்டாகப் பிரியும்: பெட்ரோல் குறைகிறதா, காற்று கூடுகிறதா? கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தால் அந்த வழியாகக் காற்று இழுக்கும். ஓடும்போது இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவினால் சத்தம் மாறுவதில் தெரிந்துவிடும். கிளீனர் ஸ்பிரேயை அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. பக்கத்தில் சைலன்சர் கொதிக்கும்போது அந்த வேலை வேண்டாம். போல்ட்டைக் கண்டபடி முறுக்கிக் கார்புரேட்டரின் முகமே வளைந்துபோயிருந்தால், கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

இப்போது கழுவும் கட்சிக்கு வருகிறேன். இவர்கள் கைப்பழக்கம் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது, ஒரு விஷயத்தைத் தவிர. ஜெட் அடைத்திருக்கிறது என்றதும் கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையைப் பிரித்துக் குத்துவார்கள். கேபிள் எஃகு, ஜெட் பித்தளை. கெய்ஹின் கம்பெனி ஜெட்டில் 65 என்று பொறித்திருந்தால் துளை 0.65 மில்லிமீட்டர். குத்திக் குத்தி அது 0.70 ஆனால், 0.05 தானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் போவது துளையின் பரப்பில், பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடும். கணக்குப் போட்டால் 16 சதவீதம் அதிகம். இன்ஜின் ஓடும், ஏன், குளிரில் முன்னைவிட நன்றாகவே ஸ்டார்ட் ஆகும். ‘சர்வீஸ் பண்ணதும் சூப்பரா இருக்கு’ என்று ஆளும் போய்விடுவார். ஒரு மாதத்தில் பிளக் கறுத்து, புகை வந்து, பெட்ரோல் செலவு ஏறி மறுபடி வருவார். இந்தத் தடவை பழி பிளக் மேல்.

குத்தாமல் எப்படிச் சுத்தம் செய்வது? கார்புரேட்டர் கிளீனரிலோ நல்ல பெட்ரோலிலோ ராத்திரி முழுக்க ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றை எதிர்த் திசையிலிருந்து அடித்தால் பெரும்பாலானவை திறந்துவிடும். ஊறப்போடுமுன் ரப்பர் வளையங்களையும் ப்ளோட்டையும் கழற்றிவிட வேண்டும், அவை ஊதிப்போகும். குத்தியே தீர வேண்டும் என்றால் மெல்லிய தூண்டில் நரம்பு இருக்கிறது. நைலான் பித்தளையைக் கீறாது. இந்தக் கரையில் எந்தக் குப்பத்திலும் கேட்டால் ஒரு முழம் சும்மாவே கொடுப்பார்கள். எலுமிச்சையும் புளியும் பித்தளையைப் பளபளப்பாக்கும் என்பதால் கார்புரேட்டரை மொத்தமாக அதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெட்டுக்கு அது சரி, அதையும் அதிக நேரம் போடக்கூடாது. கிண்ணமும் உடலும் அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை. புளிப்பு அதைத் தின்றுவிடும். இவ்வளவும் செய்துவிட்டு டேங்கைத் தொடாமல் மாட்டினால் மொத்த உழைப்பும் வீண். துரு அங்கேயே இருக்கிறது, அது எத்தனை நாளில் இறங்கும் என்பதுதான் தெரியாது. டேங்கைக் கழற்றி, சின்ன நட்டுகளோ ஜல்லியோ கொஞ்சம் பெட்ரோலோடு போட்டுக் குலுக்கி, கொட்டி, அலசி, வெயிலில் காயவைத்து, வழியில் ஒரு காகித பில்டரும் போட்டுவிட்டால்தான் கழுவும் கட்சி ஜெயித்ததாக அர்த்தம்.

எத்தனால் கட்சியின் வாதத்தில் சாரம் இருக்கிறது, கொஞ்சம் மிகையும் இருக்கிறது. 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை சில பங்க்குகளில் ஆரம்பித்து, 2025-க்குள் ஏறத்தாழ எங்கும் அதுவே என்றானது. வீட்டு ஜெனரேட்டர்களோ பெரும்பாலும் அதற்கு முன்பே செய்தவை. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு அது 13.5 அளவில் வரும். கார்புரேட்டருக்கு இதைக் கண்டுபிடிக்கும் மூளை கிடையாது, பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். ஆகவே சுமார் 8 சதவீதம் பற்றாக்குறை. ஏற்கெனவே பைலட் ஜெட் கால்வாசி அடைந்த யந்திரத்தை ஏற்ற இறக்கத்தில் தள்ள இது போதும். முறையாகச் சரிக்கட்ட வேண்டுமானால் 65 ஜெட்டுக்குப் பதில் 67.5 போடலாம், பரப்பு கிட்டத்தட்ட அதே 8 சதவீதம் கூடும். கேபிள் இழையால் குத்திப் பெரிதாக்குவதும் இதுவும் ஒன்றல்லவா என்று கேட்டால், இல்லை. இது அளந்து செய்வது, வேண்டாமென்றால் பழைய ஜெட்டையே திருப்பி மாட்டிக்கொள்ளலாம். சுத்தம் செய்த பின்னும் பாதி சோக் கேட்கிற யந்திரத்துக்கு மட்டுமே இந்த மாற்றம். நிதானமாக ஓடுவதைத் தொடவே கூடாது.

ரப்பர் விஷயத்தில் இவர்கள் சொல்வது முழுக்கச் சரி. பழைய டியூப், நீடில் நுனி, கேஸ்கெட் ஆகியவை எத்தனாலில் ஊதும் அல்லது வெடிக்கும். அவற்றின் பொடியும் ஜெட்டுக்குத்தான் வரும். மிகை எங்கே என்றால் தண்ணீர் விவகாரத்தில். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பது மெய்தான். ஆனால் 10 சதவீதக் கலவையில் பத்து லிட்டர், சுமார் 50 மில்லி தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். காற்று ஈரம் மட்டும் அந்த அளவை எட்ட வெகுகாலம் ஆகும். டம்ளரில் தனியாக உருண்ட தண்ணீர் பெரும்பாலும் புயல் மழையில் டேங்க் மூடி வழியாக நேரே இறங்கியது. மூடியின் ரப்பர் வாஷரை மாற்றாமல் சர்க்காரைத் திட்டுவதில் பயனில்லை. அளவு மீறித் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும் என்பது வேறு. அந்த நிலையில் கிண்ணத்துக்கு இறங்குவது பெட்ரோலே அல்ல. கலக்கிப் பார்த்துப் பிரயோஜனமில்லை, கொட்டத்தான் வேண்டும்.

மண்ணெண்ணெய் செட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கிராமங்களில் இன்னும் சில கிடக்கின்றன. பெட்ரோலில் ஸ்டார்ட், சூடானதும் மண்ணெண்ணெய். நிறுத்துமுன் மறுபடி சில நிமிடம் பெட்ரோலில் ஓட்டி, கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும். மறந்தால் மறுநாள் காலை எத்தனை பேர் இழுத்தாலும் பற்றாது. ரேஷன் நீல மண்ணெண்ணெயைச் சமையலுக்கும் விளக்குக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 1993-இலேயே மத்திய அரசின் ஆணை வந்தது. ஆணையை ஊர் எப்படி மதித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது நீலம் கிடைப்பது அரிது, வெள்ளைக்கு விலை அதிகம். அதனால் அந்த செட்டுகளைப் பெட்ரோலிலேயே ஓட்டுகிறார்கள். தாராளம். ஜெட்டையும் பார்த்து மாற்றிக்கொண்டால் கறுப்புப் புகை குறையும்.

புதுசு வாங்கும் கட்சியோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்160 மாதிரி இன்ஜின்களுக்கு நகல் கார்புரேட்டர்கள் குவிந்து கிடக்கின்றன. ஆக்சிலேட்டர் தண்டு அசைந்து ஆடும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால், அல்லது கிண்ணத்தின் உள்சுவர் மாவாய் உதிர்ந்தால், கழுவுவதற்கு ஒன்றுமில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் நகலில் ஜெட் அளவும் துளையிட்ட நேர்த்தியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. புதுசை மாட்டிய அன்றே ஏற்ற இறக்கம் வருவதற்கு இதுவே காரணம். பழைய உடல் நன்றாக இருந்தால் கேஸ்கெட், நீடில், ஜெட் மட்டும் வாங்கிப் போடுவது மேல். சென்னை ஜி.பி. ரோட்டில் பழைய மாடலுக்கும் தேடினால் அகப்படும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. செங்கல்பட்டிலிருந்து அரை மணி தூரத்தில் மறைமலைநகரில் இருக்கிறது யூகால். ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தோடு 1985-இல் தொடங்கிய கம்பெனி. மாருதி 800-க்கும் பின்னாளில் பல்சர், அப்பாச்சி போன்ற பைக்குகளுக்கும் கார்புரேட்டர் அங்கிருந்து போனது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 மாசு விதி வந்ததும் புது பைக்குகள் இன்ஜெக்ஷனுக்கு மாறின, கார்புரேட்டர் செய்கிற கம்பெனிகளும் மாறின. கார்புரேட்டர்களை உருவாக்கித் தந்த மாவட்டத்தில் இன்று இருபத்தைந்து வயது மெக்கானிக்குக்கு ஸ்கேனர் தெரியும், ப்ளோட் உயரம் வைக்கத் தெரியாது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கைக்குக் கார்புரேட்டர் வருவதே அரிது. தெரிந்தவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

ரிப்பேர் முடிந்த பிறகு வரும் ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். வேகம் போதவில்லை என்று கவர்னரைத் திருகி ஏற்றினால் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் ஏறி ஃப்ரிட்ஜும் டிவியும் போகும். ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் இல்லாமல் அந்தத் திருகாணியைத் தொடாதீர்கள். ஜெட் பெருத்த இன்ஜின் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்கும். அதற்கு வாசனை கிடையாது. மழைக்குப் பயந்து வராந்தாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, ஜன்னல் பக்கம் புகை திரும்பாமல், மேலே மட்டும் மறைப்புக் கட்டி வைக்க வேண்டும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் பிளக் பாயின்டில் சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுப்பவர்கள், கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனை நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாகக் கையேட்டின் கட்சி. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் பெட்ரோலை வடித்துவிடு என்று பல கையேடுகள் சொல்கின்றன. கிண்ணத்தைப் பொறுத்தவரை மறுபேச்சில்லை. அதில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் நம்மூர் வெயிலில் சில வாரத்திலேயே லேசான பகுதியெல்லாம் ஆவியாகி, மிச்சம் பிசினாக ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். டேங்கில்தான் சிக்கல். காலி இரும்பு டேங்க் கடற்காற்றில் உட்புறமாகத் துருப்பிடிக்கும், நிறைத்து வைத்தால் எத்தனால் பெட்ரோல் கெடும். எங்கோ குளிர்நாட்டில் எழுதின கையேட்டுக்கு மாமல்லபுரத்து உப்பு தெரியாது. எனக்குச் சரியாகப் படுவது இது: டேங்கை முழுக்க வடித்து, ஒரு கரண்டி 2டி ஆயிலை உள்ளே விட்டு, எல்லாப் பக்கமும் சாய்த்துப் பூசி, மூடியை இறுக்கிவிட வேண்டும். பெட்ரோல் காக்கை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட்டி, பிறகு வடிகால் திருகாணியையும் திறந்து கிண்ணத்தில் மிஞ்சியதை இறக்க வேண்டும், தானாக அணைந்தாலும் அடியில் கொஞ்சம் தங்கும். சோக், ஆக்சிலேட்டர் தண்டுகளில் ஒரு சொட்டு ஆயில். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே வேர்க்கும். பழைய கோணிச் சாக்கு நல்லது.

வடிப்பதும் பூசுவதும் முடியாது என்பவர்கள் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டலாம். வெறுமனே ஓட்டினால் பைலட் ஜெட் மட்டும்தான் வேலை செய்யும், ஆகவே அயர்ன் பாக்ஸோ வேறு ஏதாவது லோடோ கொடுத்து ஓட்ட வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை கட்டாயம். கோளாறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஜி.பி. ரோட்டில் கடை திறந்திருக்கும், ரோட்டில் தண்ணீர் நிற்காது, ப்ளோட் உயரம் வைக்கத் தெரிந்த அந்த ஐம்பது வயதுக்காரரும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்.